பைபிள் தூரிகையில் ஸ்ரீரங்கப்பட்டணம்

மைசூர்க்காரர்களுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் சுற்றுலாத் தலம் இல்லை, பக்கத்து ஊர். பதினைந்து கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சொந்தக்காரர்கள் வந்தால் முதல் நாள் சாமுண்டி மலை, அரண்மனை. இரண்டாம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம். இந்த வரிசை எங்கள் வீட்டில் மாறியதே இல்லை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம் என்று வளர்ந்த என்னைப் போன்ற பையன்களுக்கு அன்றைக்கு கைடு வேலை. ரங்கநாதர் சேவை முடிந்ததும், திப்பு விழுந்த இடம், கும்பஸ், தரியா தௌலத் என்று வரிசையாகக் காட்டி, பாடப்புத்தகத்தில் படித்ததை அப்படியே ஒப்பிப்போம்.

அந்தக் கதையின் மறு பாதியை நான் பார்த்தது லண்டனில். ஸ்ட்ராண்ட் என்ற சாலையில், ஐந்து நிமிட நடை தூரத்துக்குள் மூன்று கட்டடங்கள் இருக்கின்றன. ஒன்று சர்ச், ஒன்று பழைய ஓவியக் கழகம், ஒன்று நாடகக் கொட்டகை. மூன்றுக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தோடு தொடர்பு உண்டு. அங்கே பைபிள் காட்சிகளை வரைந்த அதே கைகள்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் வரைந்தன. அதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு போரை, அதுவும் இரண்டு சின்னப் பையன்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்ட ஒரு போரை, இங்கிலாந்து மக்கள் கருணைக் கதையாகப் பார்க்கக் கற்றுக்கொண்டது அந்தக் கைகள் வழியாகத்தான்.

முதலில் சர்ச். பெயர் செயின்ட் மேரி லெ ஸ்ட்ராண்ட். ஜேம்ஸ் கிப்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. நெடுங்காலம் இரண்டு பக்கமும் பஸ் போக நடுவில் தீவு மாதிரி நின்றுகொண்டிருந்தது. 2022-ல் அந்தப் பகுதியில் வண்டிகளை நிறுத்தி நடைபாதை ஆக்கிய பிறகுதான் நிம்மதியாக வாசலில் நின்று பார்க்க முடிகிறது. எனக்கு ஆபீஸ் பக்கத்தில்தான், மதிய இடைவேளையில் போகலாம். உள்ளே பீடப் பகுதியின் இரு பக்கச் சுவர்களிலும் இரண்டு ஓவியங்கள். ஒன்று மங்கள வார்த்தை, அதாவது கபிரியேல் தூதர் மரியாளிடம் வந்து செய்தி சொல்லும் காட்சி. இன்னொன்று கிறிஸ்துவின் பாடுகள். 1785-ல் வைத்தவை. வரைந்தவர் பெயர் மேதர் பிரவுன்.

இந்த மேதர் பிரவுன் ஒரு சுவாரசியமான ஆள். 1761-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர். தாய்வழியில் மூன்று நான்கு தலைமுறைக்குப் பெயர்பெற்ற பிரசங்கியார்கள் உள்ள குடும்பம். இருபது வயதில் லண்டன் வந்து பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியரிடம் சேர்ந்தார். வெஸ்ட்டும் அமெரிக்கர்தான், அரசர் மூன்றாம் ஜார்ஜுக்கு வேண்டியவர். வின்ட்சர் அரண்மனைத் தேவாலயத்துக்காகப் பைபிள் வரலாறு முழுவதையும் வரிசையாக வரையும் பெரிய வேலை அவர் கையில் இருந்தது. அந்தப் பட்டறையில் பழகியவருக்கு சர்ச் வேலை கிடைத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இங்கே அந்தக் காலத்து ஓவிய உலகத்தின் 'வருணாசிரமம்' பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஓவியக் கழகங்களில் படங்களுக்குத் தராதரம் உண்டு. பூ, பழம், பாத்திரம் வரைபவர் கடைசிப் படி. அதற்கு மேலே இயற்கைக் காட்சி. அதற்கும் மேலே மனிதர்களின் உருவப்படம். எல்லாவற்றுக்கும் உச்சியில் 'வரலாற்று ஓவியம்'. வரலாறு என்றதும் நேற்றைய செய்தி என்று நினைக்க வேண்டாம். பைபிள், கிரேக்கம், ரோம் இந்த மூன்றிலிருந்து எடுத்த பெரிய கதைகள்தான் அவர்களுக்கு வரலாறு. மனிதர்கள் ஆளுயரத்துக்கு இருக்க வேண்டும், பழங்கால அங்கி போட்டிருக்க வேண்டும், பார்ப்பவர் மனதில் ஒரு நீதி பதிய வேண்டும். லண்டன் ராயல் அகாடமியின் முதல் தலைவர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் மாணவர்களுக்கு வருஷக்கணக்கில் சொன்ன பாடம் இதுதான்.

இதில் ஓட்டை போட்டவர் வெஸ்ட். கனடாவின் க்யூபெக்கில் 1759-ல் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டையில் இறந்துபோன ஜெனரல் வுல்ஃபின் சாவை வரைந்து 1771-ல் காட்சிக்கு வைத்தார். வீரர்கள் அங்கியில் இல்லை, அவரவர் சிவப்புச் சட்டையிலேயே இருந்தார்கள். ஆனால் படத்தின் எலும்புக்கூடு பழையதுதான். நடுவில் சரிந்து கிடக்கும் உடல், தாங்கிப் பிடிக்கும் கைகள், சுற்றிலும் கலங்கி நிற்கும் கூட்டம், மேலே மேகம் பிளந்து விழும் ஒளி. சிலுவையிலிருந்து இறக்கிய கிறிஸ்துவின் உடலைச் சுற்றி அடியார்கள் அழும் காட்சியை ஐரோப்பியர் நூற்றாண்டுகளாகப் பார்த்தவர்கள். யாரும் சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்துவிடும்: இது சாதாரணச் சாவு இல்லை, தியாகம்.

நம் ஊரில் கூத்தில் ஒரு பாத்திரம் உள்ளே வரும்போதே அவன் தர்மனா துரியோதனனா என்று வேஷத்தைப் பார்த்தே தெரிந்துவிடுகிறதே, அது மாதிரி. பைபிள் ஓவியம் கற்றுக்கொடுத்த வேஷங்கள் ஒரு பெட்டி நிறையத் தயாராக இருந்தன. போட்டுக்கொள்ளப் புதிய ஆட்கள்தான் வேண்டும். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆட்கள் கிடைத்தார்கள்.

மூன்றாம் மைசூர் போர். கார்ன்வாலிஸ் 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் வந்துவிட்டு, உணவில்லாமல், வண்டி மாடுகள் செத்து விழ, முற்றுகைப் பீரங்கிகளை உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த வருஷம் நிஜாம், மராத்தியர் துணையோடு மறுபடி வந்தார். 1792 பிப்ரவரி 6-ம் தேதி இரவு கோட்டைக்கு வெளியே இருந்த திப்புவின் அரண்களைத் தாக்கி தீவுக்குள் புகுந்துவிட்டார்கள். திப்பு சமாதானத்துக்கு இறங்கினார். விலை: ராஜ்யத்தில் பாதி, மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய், அந்தப் பணம் வந்து சேரும் வரை பிணையாக இரண்டு மகன்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. அந்தப் பாதி ராஜ்யத்தில்தான் திண்டுக்கல்லும், சேலம் கிருஷ்ணகிரிப் பக்கத்து பாராமகாலும் கம்பெனி கைக்குப் போயின.

பிப்ரவரி 26-ம் தேதி பையன்கள் வந்தார்கள். அப்துல் காலிக் வயது பத்து, முயிசுத்தீன் வயது எட்டு. கூடவே இருந்த மேஜர் அலெக்சாண்டர் டைரம் என்ற அதிகாரி அடுத்த வருஷமே ஒரு புத்தகம் போட்டார். அவர் எழுதியிருப்பது இவ்வளவு: யானை மேல் வெள்ளி அம்பாரியில் வந்தார்கள், பீரங்கி மரியாதை நடந்தது, வெள்ளை மஸ்லின் அங்கியும் சிவப்புத் தலைப்பாகையும் கழுத்தில் முத்துச் சரங்களும் அணிந்திருந்தார்கள். கார்ன்வாலிஸ் கூடார வாசலுக்கே வந்து அணைத்து, கைப்பிடித்துக் கூட்டிப்போய் இரண்டு பக்கமும் உட்காரவைத்துக்கொண்டார். திப்புவின் வக்கீல் குலாம் அலி, இனிமேல் நீங்கள்தான் இவர்களுக்குத் தகப்பன் என்ற பொருளில் பேசினார். கார்ன்வாலிஸ் பையன்களுக்கு ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார்.

ஓவியர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? வெள்ளை அங்கியில் குழந்தைகள், கைநீட்டும் பெரியவர், சுற்றிலும் சாட்சிகள். சீடர்கள் தடுத்தும் இயேசு குழந்தைகளைத் தன்னருகே அழைத்துக்கொண்டது ஒரு காட்சி. அன்னாள் தன் பிள்ளை சாமுவேலைக் கோவிலுக்குக் கொண்டுவந்து குருவான ஏலியிடம் விடுவது இன்னொன்று. கிரேக்கக் கதையில், தோற்ற பாரசீக அரசன் தாரியூஸின் குடும்பம் அலெக்சாண்டர் காலில் விழ, அவன் பெருந்தன்மையோடு எழுப்புவது மூன்றாவது. மூன்று வேஷமும் இந்த ஒரே சம்பவத்துக்குப் பொருந்திவிட்டன.

மேதர் பிரவுன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் செய்தி வந்த சூட்டோடு சூடாக இரண்டு பெரிய படங்கள் வரைந்தார். ஒன்று கார்ன்வாலிஸ் பையன்களை ஏற்றுக்கொள்வது, மற்றொன்று அவர்கள் அந்தப்புரத்திலிருந்து புறப்படுவது. டேனியல் ஓர்ம் என்பவர் அவற்றைச் செதுக்கி அச்சுப்படங்களாக்கினார். ஒரிஜினல் ஓவியத்தைப் பார்க்க லண்டனில் இருக்க வேண்டும். அச்சுப்படம் கடையில் வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளக் கூடியது. நம் வீடுகளில் ரவிவர்மா அச்சகத்து லட்சுமியும் சரஸ்வதியும் தொங்கினார்களே, அந்த வேலையை நூறு வருஷம் முன்னாலேயே ஸ்ரீரங்கப்பட்டணத்துக் குழந்தைகள் இங்கிலாந்தில் செய்தார்கள்.

நேரில் பார்த்து வரைந்தவர் ராபர்ட் ஹோம். 1791-ல் சென்னைக்கு வந்து கார்ன்வாலிஸின் படையோடு மைசூர் ராஜ்யத்துக்குள் போனவர். ரோமில் பழங்கால ஓவியங்களைப் படித்தவர். அவருடைய படம் இப்போது லண்டன் செல்சீயில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கிறது. நடுவில் கார்ன்வாலிஸ் பையன்களைக் கைப்பிடித்து வரவேற்கிறார். பின்னால் யானைகள், கொடிகள், கூடாரம். சுற்றிலும் அதிகாரிகள், ஒவ்வொருவர் முகமும் அடையாளம் சொல்லக் கூடியது. இடது ஓரத்தில் படக்கட்டை இடுக்கிக்கொண்டு ஹோமே நிற்கிறார். நான் பார்த்தேன், இது நடந்தது என்பதற்கு ஓவியரே சாட்சிக் கையெழுத்துப் போட்டமாதிரி. பைபிள் படங்களிலும் ஓவியர்கள் ஒரு மூலையில் தங்கள் முகத்தை நுழைத்துக்கொள்வது பழைய வழக்கம்தான்.

இந்தப் படத்தை ஒரு நாள் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பெண் வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் கிட்டத்தட்ட அந்தப் பெரிய பையன் வயசுதான்.

"யாருப்பா இந்தப் பசங்க?"

சொன்னேன்.

"அவங்க அம்மா எங்கே?"

படத்தில் இல்லை என்றேன். படத்தில் ஏன் இல்லை என்று அவள் கேட்கவில்லை, போய்விட்டாள். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. விடை டைரம் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப்புரத்துப் பெண்கள் கேட்டுக்கொண்டதால் பையன்களை அனுப்புவது ஒரு நாள் தள்ளிப்போனது என்கிறார். சின்னவனுடைய தாய், புர்ஹானுத்தீன் என்ற தளபதியின் சகோதரி. அவர் பெயர் ருகையா பானு. அண்ணன் தம்பி உறவில் அந்தப் புர்ஹானுத்தீன் 1790-ல் நம் சத்தியமங்கலம் சண்டையில் செத்துப்போனவர். பிப்ரவரி 6 இரவுத் தாக்குதல் நடந்த சில நாட்களில் பயத்திலேயே அந்த அம்மாள் இறந்துவிட்டார் என்று டைரம் எழுதியிருக்கிறார். எதிரிப் படையின் அதிகாரி எழுதியது இது.

அதாவது, கார்ன்வாலிஸ் தங்கக் கடிகாரம் கொடுத்த அந்த எட்டு வயதுப் பையன், தாய் செத்து மூன்று வாரம்கூட ஆகாத பிள்ளை. தாய் செத்தது அதே கார்ன்வாலிஸ் படை நடத்திய தாக்குதலின் அதிர்ச்சியில். இதைத் தெரிந்துகொண்டு ஹோமின் படத்தைப் பாருங்கள். நீட்டிய கை வேறு மாதிரித் தெரியும்.

பொய்யாக வரைந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கார்ன்வாலிஸ் கைப்பிடித்தது உண்மை. பையன்களை மரியாதையாக நடத்தியதும் உண்மை. சென்னையில் இரண்டு வருஷம் வைத்திருந்து, பணம் கட்டி முடிந்ததும் 1794-ல் தேவனஹள்ளியில் திப்புவிடம் திரும்ப ஒப்படைத்தார்கள். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளும் உண்மையாக இருக்கலாம். வேலை செய்வது அதன் அமைப்பு. பிணை பிடிப்பதைத் தத்து எடுப்பதாக மாற்றிவிடுகிறது அது. படத்தில் பணமூட்டை இல்லை, ஒப்பந்தப் பத்திரம் இல்லை, பறிகொடுத்த பாதி ராஜ்யம் இல்லை. தகப்பனும் பிள்ளைகளும் மட்டும்.

அந்த மாற்றம் அன்றைக்கு லண்டனுக்கு மிகவும் தேவைப்பட்டது. காரணங்கள் இரண்டு. ஒன்று, கார்ன்வாலிஸ் 1781-ல் அமெரிக்காவின் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே மனிதர். தோற்ற தளபதிக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் மறுவாழ்வு. (அந்த மறுவாழ்வை வரைந்தவர் ஒரு பாஸ்டன்காரர் என்பது வேடிக்கை. வெஸ்ட்டிடம் படித்த இன்னொரு அமெரிக்கரான ஜான் டிரம்புல் வரைந்த யார்க்டவுன் சரணாகதிப் படம் இன்றும் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் தொங்குகிறது. ஒரே குருவின் இரண்டு சீடர்கள், ஒரே தளபதியின் தோல்வியும் வெற்றியும்.) இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது 1788-லிருந்து லண்டன் நாடாளுமன்றத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் இந்தியாவைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று எட்மண்ட் பர்க் நாள்கணக்கில் பேசினார். கொள்ளைக்காரன் என்ற பெயரைத் துடைக்க ஒரு தகப்பன் வேண்டியிருந்தது. கிடைத்துவிட்டான்.

இப்போது இரண்டாவது கட்டடம். செயின்ட் மேரி சர்ச்சுக்கு நேர் எதிரே சாமர்செட் ஹவுஸ். 1780-லிருந்து ராயல் அகாடமி அங்கேதான் வருஷாந்திரக் கண்காட்சி நடத்தியது. ஹோம் 1797-ல் தன் படங்கள் இரண்டை அங்கே காட்சிக்கு வைத்தார். ஒன்று இந்தப் பிணைக் குழந்தைகள். இன்னொன்று 1791 மார்ச்சில் பெங்களூர்ப் பேட்டையைப் பிடித்தபோது குண்டடிபட்டு இறந்த கர்னல் மூர்ஹவுஸின் மரணம். அந்த இரண்டாவது படத்தைப் பார்த்தால் வெஸ்ட் வரைந்த வுல்ஃபின் தம்பி என்று சொல்லிவிடலாம். அதே சரிந்த உடல், அதே தாங்கும் கைகள், பின்னால் புகை. பெங்களூர்ப் பேட்டை வாசலில் ஒரு பைபிள் துக்கக் காட்சி. இன்றைக்கு அதே சாமர்செட் ஹவுஸில் கோர்ட்டால்ட் ஓவியக்கூடம் இருக்கிறது.

மூன்றாவது, லைசியம். இன்று அங்கே உள்ள தியேட்டர் 1834-ல் கொஞ்சம் தள்ளிக் கட்டியது, 1999-லிருந்து லயன் கிங் நாடகத்துக்குப் பெயர்போனது. பழைய லைசியத்தில் 1800-ல் ஒரு அதிசயம் காட்டினார்கள். 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்த தாக்குதலை, 120 அடி நீளமான ஒரே திரையில், அரைவட்டமாக. காசு கொடுத்து உள்ளே போனால் நீங்களே போர்க்களத்தின் நடுவில் நிற்கிற மாதிரி இருக்கும். அந்தக் காலத்து ஐமேக்ஸ். வரைந்தவர் ராபர்ட் கெர் போர்ட்டர். வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று. இவரும் இந்தியாவைப் பார்த்ததில்லை.

இவர் அதற்கு முன் என்ன வரைந்துகொண்டிருந்தார் தெரியுமா? பதின்ம வயதிலேயே லண்டன் ஷோர்டிட்ச் சர்ச்சுக்கு மோசேயும் ஆரோனும். 1794-ல் போர்ட்ஸ்மவுத் பக்கம் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் புயலை அடக்கும் கிறிஸ்து. 1798-ல் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்கு யோவான் பிரசங்கம் செய்வது. அதற்கு அடுத்த பெரிய வேலை ஸ்ரீரங்கப்பட்டணம். மோசே, கிறிஸ்து, யோவான், திப்பு. அந்தத் திரை இப்போது இல்லை, அதைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப்படங்கள்தான் மிச்சம்.

இதற்குத் தலைகீழான ஒரு கதையும் இந்தியாவிலேயே இருக்கிறது. யோஹான் ஸோஃபனி என்ற ராயல் அகாடமி ஓவியர் கல்கத்தாவில் 1787-ல் திறந்த செயின்ட் ஜான்ஸ் சர்ச்சுக்காகக் கிறிஸ்துவின் கடைசி இராப்போஜனத்தை வரைந்தார். கிறிஸ்துவுக்கு ஊரிலிருந்த ஒரு கிரேக்கப் பாதிரியார் மாடல். யோவானுக்கு ஒரு போலீஸ் மாஜிஸ்திரேட். யூதாசுக்கு? ஊரில் பெயர்பெற்ற ஏலக்காரர் ஒருவர். ஊரே சிரித்தது. படத்துக்குள் நம் ஊர்த் துப்பல் படிக்கமும் தண்ணீர்த் தோல்பையும்கூட இருக்கின்றன. பழுதுபட்டுக் கிடந்த அந்தப் படத்தை 2010-ல் சீர்செய்தார்கள், இன்றும் அங்கே பார்க்கலாம். ஸோஃபனி பைபிளுக்குள் கல்கத்தாவைக் கொண்டுபோனார். பிரவுனும் ஹோமும் போர்ட்டரும் மைசூருக்குள் பைபிளைக் கொண்டுவந்தார்கள். முதலாவதில் தெய்வங்கள் மனிதர்களாயின. இரண்டாவதில் ஒரு கவர்னர் ஜெனரல் கிட்டத்தட்டத் தெய்வமானார்.

சரி, எங்கள் ஊர் என்ன வரைந்தது? அதற்கு தரியா தௌலத் போக வேண்டும். 1784-ல் காவிரிக் கரையில் திப்பு கட்டிய மர மாளிகை. அதன் மேற்குச் சுவர் முழுக்கப் பொள்ளிலூர்ப் போர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளலூர்தான் அது. மகேந்திரவர்ம பல்லவனும் புலிகேசியும் மோதியதாகப் படிப்போமே, அதே ஊர். 1780 செப்டம்பர் 10-ம் தேதி ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அங்கே நிர்மூலமாக்கினார்கள். உதவிக்கு வர வேண்டிய ஹெக்டர் மன்ரோ காஞ்சிபுரத்திலேயே இருந்துவிட்டு, கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார்.

அந்தச் சுவரில் வெஸ்ட்டின் பாடம் எதுவும் செல்லாது. மேகம் பிளந்து வரும் ஒளி இல்லை. கண் போய் நிற்க ஒரே ஒரு நடுப்புள்ளி இல்லை. யானை மேல் ஹைதர், திப்பு. சதுரமாக நெருக்கிக்கொண்டு நிற்கும் சிவப்புச் சட்டைக்காரர்கள். அவர்கள் நடுவே பல்லக்கில் பெய்லி, வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, தொலைநோக்கியோடு பிரெஞ்சு அதிகாரி லாலி. வரிசை வரிசையாகக் குதிரைகள், தலைகள், வாள்கள். பின்னால் இருப்பவன் சிறியவன், முன்னால் இருப்பவன் பெரியவன் என்ற கணக்கே கிடையாது. நின்ற இடத்திலிருந்து பார்த்து முடிக்க முடியாது, சுவரோடு நடந்துகொண்டே படிக்க வேண்டும். லண்டன் படம் ஒரு கணத்தை நிறுத்தி அதற்கு ஒரு நீதி சொல்கிறது. எங்கள் சுவர் ஒரு நாள் முழுவதையும் கொட்டி வைத்திருக்கிறது.

எங்கள் சுவர் நியாயமானது, அவர்கள் திரை கள்ளம் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதிதான். ஆனால் அதுவும் சரியில்லை. இதுவும் ஜெயித்தவர் வரையவைத்த படம். பல்லக்கில் உட்கார்ந்திருக்கும் பெய்லி பிறகு என்ன ஆனார் என்று சுவர் சொல்லாது. ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782-ல் செத்தார், அவருடைய நினைவு மண்டபம் கும்பஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குடகிலிருந்தும் மலபாரிலிருந்தும் திப்பு பிடித்துவந்த ஜனங்களுக்கு எந்தச் சுவரிலும் இடம் இல்லை. பிணைக் குழந்தைகளுக்காக மனம் இளகுகிற நாம், அந்தக் குடும்பங்களின் குழந்தைகளையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

அந்தச் சுவரும் தூரிகை மாறாமல் தப்பவில்லை. முற்றுகைக் காலத்தில் சிதைந்துபோயிருந்த படங்களை, 1799-க்குப் பிறகு அங்கேயே குடியிருந்த ஆர்தர் வெல்லெஸ்லி (பிற்காலத்தில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன்) திருத்தவைத்தார். மறுபடி வெள்ளையடித்து மங்கிப்போனதை, 1855-ல் வந்த டல்ஹௌசி பிரபு, பழைய படம் நினைவிலிருந்த உள்ளூர் ஓவியர் ஒருவரை வைத்து மீண்டும் வரையச் சொன்னார். ஆங்கிலேயர் தோற்ற போரின் படத்தை ஆங்கிலேயரே இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்குள் அவர்களுக்கு அந்தத் தோல்வி வலிக்காத அளவுக்கு ராஜ்யம் பெருத்துவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். படத்துக்கு எல்லோரும் பயப்படுவார்கள், அதிகாரம் நிலைத்துவிட்டவனைத் தவிர.

பையன்களின் கதை 1794-ல் முடியவில்லை. திப்பு இறந்ததும் குடும்பம் முழுவதையும் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1806 ஜூலை 10-ம் தேதி அந்தக் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது திப்புவின் கொடியை ஏற்றினார்கள். அதற்குப் பிறகு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கே நாடு கடத்தினார்கள். தத்து எடுத்த தகப்பன் கதைக்கு இந்தப் பின்பாதி பொருந்தாது. அதனால் அதை யாரும் பெரிய திரையில் வரையவும் இல்லை.

இதையெல்லாம் பார்க்க லண்டன் வர வேண்டியதில்லை. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கார்ன்வாலிஸ் சிலை இருக்கிறது. தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது, 1800-ல் சென்னையில் நிறுவியது. எல்லோரும் அண்ணாந்து பிரபுவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த முறை பாரிமுனைப் பக்கம் வேலை இருந்தால் கால் மணி நேரம் ஒதுக்கி உள்ளே போங்கள். பிரபுவை விட்டுவிட்டுக் குனிந்து பீடத்தைப் பாருங்கள். அதிலேயும் புடைப்புச் சிற்பமாக அந்தக் காட்சிதான்: கார்ன்வாலிஸ் திப்புவின் பிள்ளைகளை ஏற்றுக்கொள்கிறார். கூட்டிப் போகிற பிள்ளைகள் உங்களோடு இருந்தால், அந்தச் சின்னவனைக் காட்டி, அவன் அம்மா பெயர் ருகையா பானு என்று சொல்லுங்கள். கல்லில் இல்லாததை நாம்தான் சொல்ல வேண்டும்.